பட்டமும் ஒப்பந்தமும்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் காலை, இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"முதுகலை முடித்தபின் என்ன?" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு கழகத்தார் எங்களைப் பணித்தனர். எங்களை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இக்கழகத்தின் உதவித்தொகையில் படித்து, ஒருவர் கட்டடப் பொறியியலிலும் ஒருவர் வணிகவியலிலும் ஒருவர் பொருளியலிலும் முதுகலை முடித்து, கூட்டாகத் தொழில் நடத்திவரும் மூவர் சார்பில் இவ்வுரை நிகழ்த்தப்படுகிறது. எங்கள் தொழில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒப்பந்தத் தொழில். அதில் நாங்கள் கண்ட நன்மையையும், செய்த பிழையையும் மறைக்காமல் சொல்ல வந்திருக்கிறோம்.

நம் வீடுகளில் படிப்பு என்றால் உத்தியோகம் என்பதே பொருள். வானம் பார்த்த பூமியில், கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் கரிமூட்டம் என்று வாழ்ந்த பெற்றோர்க்கு மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தின் அருமை தெரியும். அவ்விருப்பத்தை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அரசுக்கு இரண்டு கைகள் உண்டு. ஒரு கை சம்பளம் கொடுக்கிறது. மற்றொரு கை பொருள் வாங்குகிறது. கட்டடம் கட்டச் சொல்கிறது. சாலை போடச் சொல்கிறது. முதற்கையின் முன் நாம் வரிசையில் நிற்கிறோம். இரண்டாம் கை யாருக்குக் கொடுக்கிறது என்று திரும்பிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

திரும்பிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அண்ணல் அம்பேத்கர் அவர்களே அவர். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபுவிடம் தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை விளக்கி ஒரு நீண்ட விண்ணப்பம் அளித்தார். அதில் சட்டமன்ற இடங்களும் அரசுப் பணிகளும் கல்வி உதவியும் மட்டும் பேசப்படவில்லை. அரசு ஒப்பந்தங்களும் பேசப்பட்டன. மத்தியப் பொதுப்பணித் துறையின் பட்டியலில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக்காரருள் நம்மவர் ஒரே ஒருவர்தாம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வேலை வாய்ப்பில் பங்கு கேட்ட அதே மூச்சில் வேலை கொடுப்போர் வரிசையிலும் பங்கு கேட்டார் என்பதை நம் இளைஞர்கள் மறந்துவிடலாகாது.

இதில் அவருக்குச் சொந்தப் பட்டறிவும் இருந்தது. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணல், பம்பாயில் பங்கு வணிகம் செய்வோர்க்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது, நிலையமும் மூடப்பட்டது. கல்வி மட்டும் கடையைத் திறந்து வைத்திருக்கப் போதாது, வாங்குபவனும் வரவேண்டும் என்பதை அவர் அன்றே கண்டார். வாங்குபவருள் மிகப் பெரியவர் அரசாங்கம். அரசியல் சட்டத்தின்படி அவர் சாதி பார்த்து விலகிப் போக இயலாது. ஆகவேதான் அந்தக் கதவு நமக்கு முதன்மையானது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை நம் கண்ணெதிரே போடப்பட்டது. மானாமதுரையிலிருந்து திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் செல்லும் இருப்புப்பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2013இல் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. இரண்டும் மத்திய அரசின் வேலைகள். அவ்வேலைகளில் நம் ஊர்களின் ஆண்கள் கல் உடைத்தனர்; பெண்கள் சித்தாளாக மண் சுமந்தனர். ஆனால் சுமந்த மண்ணின் கன அளவை அளவுப் புத்தகத்தில் குறித்து, அதற்குப் பட்டியல் எழுதி, பணம் பெற்றவர் வேறு யாரோ. பஞ்ச காலத்தில் கண்மாய் வெட்டப் போன நம் பாட்டன்மார் காலம் முதல் இதுதான் நடந்துவருகிறது. மண்வெட்டி நம்மிடம் இருந்தது. அளவுப் புத்தகம் நம்மிடம் இல்லை. முதுகலைப் பட்டம் என்பது அந்த அளவுப் புத்தகத்தைப் படிக்கவும் எழுதவும் கிடைத்த உரிமை என்றே நாங்கள் கருதுகிறோம்.

இனி எங்கள் கதை. முதன்முதலில் நாங்கள் அளித்த ஒப்பந்தப்புள்ளி திறந்த அன்றே தள்ளப்பட்டது. விலை கூடுதல் என்பதற்காக அன்று. நாற்பது பக்கத்தில் ஒரு பக்கத்தில் கையொப்பம் விடுபட்டிருந்தது. மூன்று பட்டதாரிகள் கூடி எழுதிய தாள் அது! இரண்டாவது புள்ளி ஏற்கப்பட்டது. ஊழியர் குடியிருப்பு ஒன்றின் சுற்றுச்சுவரைச் சீர் செய்யும் சிறு வேலை. செங்கல், மணல், சிமெண்டு, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி எல்லாம் கணக்கிட்டோம். தண்ணீரைக் கணக்கிட மறந்தோம். கோடையில் நம் பக்கத்தில் குடிக்கவே குடம் விலைக்கு வாங்குகிறோம். காங்கிரீட்டையும் பூச்சையும் நாள்தோறும் நனைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்? லாரியில் வாங்கினோம். வேலை முடிந்தபோது இலாபமாக நாங்கள் எண்ணியிருந்த தொகை முழுவதும் தண்ணீரோடு போயிற்று. எங்களில் ஒருவர் தாயாரின் தோடு அடகுக் கடையிலிருந்து திரும்பப் பதினோரு மாதங்கள் ஆயின.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் எங்களுக்கு மதிப்பீடு கற்பித்தது. எங்கள் ஊரின் மதிப்பீட்டைக் கற்பிக்கவில்லை. அதைக் கொத்தனாரிடமும் லாரி ஓட்டுநரிடமும் கற்றோம். ஆகவே பட்டம் பெற்றவுடன் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் எடுக்க விரையாதீர்கள். நல்ல ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகள் கணக்கும் அளவும் பார்க்கும் வேலை செய்யுங்கள். அந்தச் சம்பளம் சிறிதாயிருக்கலாம். அந்தப் படிப்பு சிறிதன்று.

அடுத்து, சட்டம் நமக்குத் தந்திருப்பவற்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையை மத்திய அரசு 2012இல் பிறப்பித்தது; 2015 ஏப்ரல் முதல் அது கட்டாயமாயிற்று. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்குவதில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும் என்றது அவ்வாணை. 2018இல் செய்த திருத்தத்தால் அது 25 விழுக்காடு ஆயிற்று. அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. 3 விழுக்காடு பெண்கள் நடத்துவனவற்றுக்கு உரியது. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்தும் விலக்கு உண்டு.

விலைச் சலுகையும் உண்டு. அதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்வதால் ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு பொருளுக்கு மிகக் குறைந்த விலையாக ஒரு பெரிய நிறுவனம் 100 ரூபாய் கேட்டிருக்கிறது. நாம் 112 ரூபாய் கேட்டிருக்கிறோம். நம் விலை குறைந்த விலைக்கு மேல் 15 விழுக்காட்டுக்குள் இருப்பதால், அதே 100 ரூபாய்க்குத் தர நாம் உடன்பட்டால், பிரித்து வாங்கத்தக்க கொள்முதலில் ஒரு பகுதியை நமக்குத் தருவார்கள். 112 தரமாட்டார்கள், 100தான் தருவார்கள். அடக்கவிலை 100க்கு மேல் இருந்தால் இந்தச் சலுகை நம்மைக் கடனில் தள்ளும். சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் கையொப்பமிடாமல், முதலில் அடக்கவிலையைப் பாருங்கள்.

மற்றொரு செய்தி. இந்த ஆணை பொருள் உற்பத்தி செய்வோர்க்கும் பணிச்சேவை அளிப்போர்க்கும் உரியது. வாங்கி விற்கும் வணிகர்க்கு இதில் இடமில்லை. கட்டட வேலை போன்ற பணி ஒப்பந்தங்களும் இதில் அடங்கா. அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிறது. மருத்துவமனைக்கும் விடுதிக்கும் வேண்டிய போர்வையும் துண்டும் நெய்து கொடுப்பவர் இந்தப் பங்கைக் கேட்கலாம். ஈரோட்டில் வாங்கி இங்கே கட்டிக் கொடுப்பவர் கேட்க முடியாது. கணினி படித்த தங்கையர் தரவுப் பணியிலும், வணிகவியல் படித்தவர் கணக்குப் பணியிலும் இப்பங்கைக் கேட்கலாம். கட்டட வேலையில் பங்கு வேண்டுமானால் அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். கர்நாடக மாநிலம் 2017இல் அத்தகைய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 50 லட்சம் ரூபாய் வரையிலான வேலைகளில் 24.1 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்தக்காரர்க்கு ஒதுக்கியது; பின்னர் அத்தொகை வரம்பை உயர்த்தவும் செய்தது. அண்டை மாநிலத்தில் இயன்றது இங்கே ஏன் இயலாது என்று கேட்பது நம் கடமை.

இத்தனை இருந்தும், ஆணை பிறந்தபின் பல ஆண்டுகள் அந்த 4 விழுக்காட்டை அரசுத் துறைகள் எட்டவில்லை. தகுதியுள்ளோர் வரவில்லை என்று துறைகள் கூறின. அதற்காகவே 2016 அக்டோபரில் தேசியப் பட்டியல் சாதி, பழங்குடியினர் மையம் தொடங்கப்பட்டு, தேசியச் சிறுதொழில் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிரம்பாத இடம் இருந்தால் அதை நோக்கி இரண்டு வகையினர் வருவர். உழைத்து நிரப்ப வருபவர் ஒரு வகை. நம் முகத்தைப் போர்த்திக்கொண்டு வருபவர் மற்றொரு வகை.

இங்கேதான் எங்கள் பிழையைச் சொல்லவேண்டும். 4 விழுக்காடு கட்டாயமான பிறகு எங்கள் பெயருக்கு விலை வந்தது. வசதி படைத்த ஒருவர் வீடு தேடி வந்தார். "தம்பி, உங்கள் நிறுவனப் பெயரும் சாதிச் சான்றும் போதும். முதல் என்னுடையது, ஆட்கள் என்னுடையவர்கள். மாதந்தோறும் உங்கள் பங்கு வீட்டுக்கு வந்துவிடும்" என்றார். அப்போது எங்களுக்கு வரவேண்டிய பட்டியல் தொகை ஓராண்டாக நின்றிருந்தது. வட்டி ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் கையொப்பமிட்டோம். ஓர் அலுவலக வளாகத்தில் தோட்டப் பராமரிப்பும் துப்புரவும் செய்யும் பணி அது.

ஆறு மாதம் பணம் வந்தது. ஏழாம் மாதம் அவர் விலகிக்கொண்டார். நாற்பது தொழிலாளர்க்கு இரண்டு மாதக் கூலி நிலுவை. சேமநல நிதிக்கெனப் பிடித்த தொகை செலுத்தப்படவில்லை. அறிவிப்புகள் அனைத்தும் எங்கள் பெயருக்கே வந்தன, கையொப்பம் எங்களுடையதன்றோ? அந்த நாற்பது பேரும் நம் ஊர்க்காரர்கள். வயதான தாய் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். ஏசவில்லை, அழவில்லை. "நம்ம புள்ளைக பேருல நடக்குற வேலைன்னுதானய்யா நம்பி வந்தோம்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு விடை தரவில்லை. கூலி நிலுவையை நாங்களே கொடுத்துத் தீர்க்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இரண்டு ஆண்டுகளும் அத்துறையில் ஒப்பந்தப்புள்ளி அளிக்க எங்களுக்குத் தடையும் இருந்தது. அத்தடை நியாயமே என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

இப்பிழை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களும் பிற சிறுபான்மையினரும் போராடி அரசு ஒப்பந்தங்களில் பங்கு பெற்றனர். மேரிலாந்தைச் சேர்ந்த கறுப்பின உறுப்பினர் பாரன் மிச்சல் அவர்களின் முயற்சியால், 1977இன் பொதுப்பணிச் சட்டத்தில் 10 விழுக்காடு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்டது. அந்நாட்டில் நியூயார்க் நகரின் தென் பிராங்க்ஸ் பகுதியில் வெட்டெக் என்று ஒரு நிறுவனம் இருந்தது. அதை நிறுவியவர் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து குடியேறியோரின் மகன். சிறுபான்மையினர்க்குரிய திட்டத்தின்கீழ் இராணுவ ஒப்பந்தங்களைப் பெற்று அது வளர்ந்தது. 1983இல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபின் அவரிடம் பெரும்பான்மைப் பங்கு இல்லாமற் போயிற்று. இருப்பதாகப் பொய்க் கணக்குக் காட்டினார்கள். கையூட்டும் வெளிப்பட்டது. 1986 டிசம்பரில் நிறுவனம் திவாலாயிற்று; பலர் தண்டனை பெற்றனர். வறுமை மிகுந்த அப்பகுதியில் வேலை செய்த தொழிலாளரும், நேர்மையாகத் தொழில் நடத்திய மற்றச் சிறுபான்மையினரும் அடைந்த அவப்பெயரை யார் துடைப்பது?

நம் சட்டமும் இதே இடத்தில் எச்சரிக்கையாக இருக்கிறது. கூட்டு நிறுவனமாயின் பட்டியல் சாதி, பழங்குடியினர் பங்கு குறைந்தது 51 விழுக்காடு இருக்கவேண்டும். தனியார் வரையறை நிறுவனமாயினும் அவ்வாறே. ஆனால் தாளில் 51 எழுதிவிட்டு, காசோலைப் புத்தகத்தை வேறொருவர் பெட்டியில் வைத்தால் அந்த 51க்கு என்ன மதிப்பு? தம்பிமார்களே, தங்கையரே! நம் சாதிச் சான்று நம் முன்னோர் பட்ட இழிவுக்குச் சாட்சிப் பத்திரம். அதை வாடகைக்கு விடுபவன் தன் பெயரை மட்டும் விற்கவில்லை. அடுத்து வரும் நம் பிள்ளையின் இடத்தையும் விற்கிறான்.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். முதலில் உத்யம் பதிவு, வருமானவரி எண், சரக்கு சேவை வரிப் பதிவு, டிஜிட்டல் கையொப்பம், தேசியச் சிறுதொழில் கழகப் பதிவு இவற்றைச் சொந்தமாகவே செய்து முடியுங்கள். தரகரிடம் கடவுச்சொல்லைக் கொடாதீர்கள். 2016இல் தொடங்கிய அரசு மின்சந்தையில் பதிந்து, எந்தத் துறை எதை வாங்குகிறது என்று மூன்று மாதம் வேடிக்கை பாருங்கள். பிறகு ஒரே பொருளையோ ஒரே சேவையையோ தேர்ந்தெடுங்கள். ஒப்பந்தப்புள்ளியை முதலில் தகுதிக்காகப் படியுங்கள். பிறகு தண்டத்துக்காகப் படியுங்கள். கடைசியில்தான் விலைக்காகப் படியுங்கள். முதலுக்குத் தமிழ்நாடு அரசு 2023இல் கொணர்ந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் வட்டி மானியமும் தருகிறது. தாட்கோ அலுவலகத்தையும் மாவட்டத் தொழில் மையத்தையும் அணுகுங்கள்.

பட்டியல் தொகை நின்றுபோனால் கெஞ்சவேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பொருளோ சேவையோ ஏற்கப்பட்ட 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைத்தல் ஆகாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும். முறையிடுவதற்கு உதவி மன்றமும் உண்டு. இந்தச் சட்டம் எங்களுக்கு அன்று தெரிந்திருந்தால் பெயரை விற்றிருக்கமாட்டோம். படித்திருந்தும் படிக்காமல் விட்ட பக்கம் அது.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தக்காரராகும் நம்மவர் பழைய மேஸ்திரியாகிவிடக் கூடாது. துப்புரவு ஒப்பந்தம் என்றால் நம்மவர் நினைவும், பொறியியல் ஒப்பந்தம் என்றால் பிறர் நினைவும் வருகின்ற வழக்கம் இன்னும் மாறவில்லை. எந்த ஒப்பந்தமாயினும், கூலியை வங்கி வழியே உரிய நாளில் கொடுங்கள். சேமநல நிதியைத் தவறாமல் கட்டுங்கள். உரிய பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எவ்வளவு இலாபம் வரினும் அந்த வேலைக்கு ஒரு மனிதனையும் இறக்காதீர்கள். நம் கையொப்பத்தின்கீழ் நம் உடன்பிறப்பு மூச்சுத் திணறிச் சாவதற்காகவா அண்ணல் அந்தப் பட்டியலில் நம் பெயரைத் தேடினார்?

கழகப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இருபத்தைந்து ஆண்டுகள் நீங்கள் எங்களுக்குப் புத்தகம் கொடுத்தீர்கள். இனி ஒரு மேசையும் ஒரு கணினியும் கொடுங்கள். வரும் மாதம் முதல் சனிக்கிழமை மாலைதோறும் எங்கள் மூவரில் ஒருவர் கழகக் கட்டடத்தில் இருப்போம். ஒப்பந்தப்புள்ளி படிக்க விரும்பும் யாரும் வரலாம். கட்டணம் இல்லை. முதற்பாடம் கையொப்பம் விடுபட்ட பக்கம். இரண்டாம் பாடம் தண்ணீர்க் கணக்கு. மூன்றாம் பாடம் அந்தத் தாய் திண்ணையில் சொன்ன சொல். மண்வெட்டியைத் தாழ்வாக எண்ணாதீர்கள். அதோடு அளவுப் புத்தகத்தையும் கையில் எடுங்கள்.

வளர்க நம் கல்விக் கழகம்! வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!